கிழமை சொல்லும் பிள்ளை

உக்காருங்க மேடம். கட்டில்ல உக்காருங்க, தரையில எதுக்கு உக்காருறீங்க? சேர்மன் வர்றாருன்னு காலையிலேருந்து மண்டப வாசல்ல போலீஸ் டூட்டி பாக்குறீங்க, காலு வலிக்கத்தான் செய்யும். சரி, உங்க இஷ்டம். மணப்பொண்ணு ரூமுன்னு பேருதான், உருப்படியா ஒரு சேர் கிடையாது. அந்தச் சூட்கேஸை வேணா நகட்டி வச்சுக்குங்க. நடக்குற வழியில இடிக்கும்னு சொந்தக்காரங்க பையெல்லாம் கட்டிலுக்கு அடியிலதான் அடைச்சு வச்சிருக்கோம்.

இந்த ரூம்லதான் மேடம் என் பொண்ணு இருந்தா. இந்தக் கண்ணாடிக்கு முன்னாடி. பூ வச்சு, பொட்டு வச்சு, பட்டுப்பாவாடை கசங்காம ஸ்டூல்ல உக்கார வச்சேன். ஆளாளுக்கு வந்து பேச்சுக் குடுத்துப் பிள்ளையைக் கொழப்பிருவாங்கன்னு கதவைச் சும்மா சாத்திட்டுத்தான் போனேன். மைக் செட்டுக்காரர்கிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டு வந்து கதவைத் திறந்தா, ஸ்டூல் காலியா கெடக்கு. பாத்ரூம்ல இல்ல. மொட்டை மாடியில இல்ல. சாப்பாட்டுக் கூடம், சமையக்கட்டு, ஜெனரேட்டர் ரூம், எல்லா எடமும் பாத்தாச்சு. அவங்க அப்பா பைக்கை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் போயிருக்காரு. எட்டு வயசுப் பொம்பளப் பிள்ளை.

வாசல்ல இன்னைக்கு நிகழ்ச்சிக்கு வச்ச பேனர் பாத்தீங்கள்ல? கோட்டு போட்டுக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு நிக்குதே, அதான். சஷ்மிதா. கோட்டு கம்ப்யூட்டர்ல போட்டது. அந்த மொகத்தைப் பாத்து வச்சுக்குங்க.

வீட்டுல எப்படிக் கூப்பிடுவோமா? கலெக்டர். ஆமா, வெளையாட்டுக்கு ஆரம்பிச்சதுதான், இப்ப தெருவே அப்படித்தான் கூப்பிடுது. ‘கலெக்டர் எந்திரிச்சாச்சா, கலெக்டர் சாப்ட்டாச்சா.’ சஷ்மின்னு கூப்பிட்டா அவளே திரும்பிப் பாக்கமாட்டா, அந்த அளவுக்குப் பழகிப்போச்சு.

நீங்க எதையும் எழுதிக்கவே இல்லையே மேடம். வாக்கி டாக்கில சொல்லலாம்ல? மெதுவா பேசணுமா? மெதுவாத்தான் பேசுறேன். கதவையும் சாத்திட்டேன். ஒரு விஷயம் சொல்றேன் கேளுங்க. இது கிரேஸ்லின் மிஸ் வேலை. நான் சும்மா சொல்லல. மூணாப்பு மிஸ்ஸு. தொடக்கத்துலேருந்தே அந்தம்மாவுக்கு என் பிள்ளை மேல ஒரு இது. முதல்ல அவங்க வீட்டுக்கு ஆள் அனுப்புங்க.

சரி, மொதல்லேருந்து சொல்றேன். எங்களுக்குப் பஜார்ல பாத்திரக்கடை. அவ ஒண்ணாப்பு படிக்கும்போது ஒருத்தர் வீடு பால்காய்ப்புக்குப் பாத்திரம் எடுக்க வந்தாரு. குடத்துல பேரு வெட்டணும்னு சொல்லி, அடுத்த வருஷத்துத் தேதி ஒண்ணு சொன்னாரு. இவ கல்லாப்பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டிருந்தவ, தலையைக்கூடத் தூக்கல. ‘அன்னைக்குச் செவ்வாக்கிழமையாச்சே மாமா’ன்னா. செவ்வாக்கிழமை யாராவது பால் காய்ச்சுவாங்களா? அவருக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. செல்லுல பாத்தா, செவ்வாக்கிழமைதான். அவங்க வீட்டுப் பெரியவரு வருஷம் மாத்திக் கணக்குப் போட்டிருக்காரு. அந்தாளு என் பிள்ளை கால்ல விழாத குறை.

யாரு சொல்லிக் குடுத்தா? யாருமில்ல. கடையில மாட்டியிருக்குற தினசரி காலண்டரைப் பாத்துப் பாத்தே புடிச்சிருக்கா. வெள்ளைக்காரன் போன தேதி கேளுங்க, வெள்ளிக்கிழமைம்பா. உங்க கல்யாணத் தேதி சொல்லுங்க, டக்குனு வரும். மேல ஒரு பார்வை பாப்பா, அம்புட்டுத்தான். அன்னையிலேருந்து எங்களுக்குத் தலைகால் புரியல மேடம். கல்யாண வீடு, காதுகுத்து, எங்க போனாலும் மேடையில ஏத்திருவாங்க. பாட்டுக் கச்சேரி நடுவுல நிறுத்திட்டு இவதான்.

கூச்சமா? சொல்லும்போது கூச்சமே கிடையாது. முடிஞ்சப்புறம்தான் சமயத்துல கோளாறு பண்ணுவா. ராஜபாளையத்துல ஒரு கல்யாணத்துல எங்க பெரிய மாமனாரு தன்னோட பொறந்த தேதியைச் சொன்னாரு. இவ வெள்ளிக்கிழமைன்னுட்டா. ‘தப்பு, நான் சனிக்கிழமை பொறந்தவன், ஆயுசு பூரா சனிக்கிழமை விரதம் இருக்கேன்’னு அவரு சண்டைக்கு வந்துட்டாரு. பழைய பஞ்சாங்கத்தைப் படம் புடிச்சு அனுப்பச் சொல்லிப் பாத்தா, வெள்ளிக்கிழமை. கை தட்டுன தட்டுல மண்டபமே அதிர்ந்துபோச்சு. எனக்கு அப்படி ஒரு பெருமை. இவ என்ன பண்ணுனா தெரியுமா? திரும்பி வர்ற வழியெல்லாம் அழுகை. ‘அந்தத் தாத்தா மொகம் சின்னதாயிருச்சும்மா, அவரு பட்டினி கெடந்ததெல்லாம் என்னம்மா ஆகும்’னு கேட்டுக் கேட்டு அழுகை. ஜெயிச்சதுக்கு யாராவது அழுவாங்களா மேடம்? ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்தேன், அதையும் திங்கல.

அதான் இதுல ஒரு கஷ்டம். அறிவு எக்கச்சக்கம். தைரியம்தான் கொஞ்சம் பத்தாது. அது மேடை ஏற ஏற வந்துரும்.

போன ஜூன்ல ஸ்கூல்லயே கூப்பிட்டுச் சொன்னாங்க, இவளுக்கு டபுள் ப்ரொமோஷன் குடுக்கலாம், நாலாப்பு வேண்டாம், நேரா அஞ்சுல போடலாம்னு. யாருக்குக் கிடைக்கும் இந்தப் பாக்கியம்? நாங்க ஸ்வீட் பாக்ஸோட போனோம். கிரேஸ்லின் மிஸ் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு நிக்குறாங்க. ‘படிச்சிருவாம்மா, அதுல சந்தேகமே இல்ல. இன்டர்வெல்லுல யாரோட இருப்பா? ஓடியாடுற பிள்ளைங்கல்லாம் கீழ இருக்கும், இவ மேல இருப்பா’ன்னாங்க. நான் கேட்டேன், பிள்ளைங்க ஸ்கூலுக்கு வர்றது படிக்கவா ஓடவான்னு. தன்னோட கிளாஸ்லேருந்து நல்ல பிள்ளை போகுதேன்னு வயித்தெரிச்சல், வேற என்ன?

ஃப்ரெண்ட்ஸா? எல்லாரும் ஃப்ரெண்ட்ஸ்தான் மேடம். பேரா? அஞ்சாப்புல... இருங்க. ரெண்டு, மூணு பேரு இருப்பாங்க. அதெல்லாம் பெரிய பிள்ளைங்க. முன்னாடி முபீனான்னு ஒரு பிள்ளை உண்டு, மூணாப்புல. ரெண்டும் ஒரே டப்பாவுல சாப்பிடுங்க. அந்தப் பிள்ளை படிப்பு சுமார்தான், நல்லவேளை பிரிஞ்சது. இப்ப இவ தனியாத்தான் சாப்பிடுறா, மாடிப்படியில உக்காந்து. நான் ஒருநாள் மறந்துட்டுப் போன தண்ணி பாட்டிலைக் குடுக்கப் போனப்ப பாத்தேன். எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு. கூட்டத்துல சேர்ந்து அரட்டை அடிக்காம, தான் உண்டு தன் சோறு உண்டுன்னு.

எதுவும் தொந்தரவு இருந்துச்சான்னா, பெருசா ஒண்ணும் இல்ல. அஞ்சாப்புப் பிள்ளைங்க இவளைக் காலண்டர்னு கூப்பிடுங்க. காலையில கிளாஸுக்குள்ள வந்ததும் ஒரு பிள்ளை வந்து ‘இன்னைக்குத் தேதி கிழிக்கணும்’னு சொல்லி சடையைப் புடிச்சு ஒரு இழுப்பு இழுக்குமாம். அப்புறம் அடுத்த பிள்ளை. வெளையாட்டுதான். ஒரு நாள் தலை சீவும்போது பாத்தா, பின்னாடி சீப்பு படவே விடமாட்டேங்குறா. அன்னைக்கே பார்லருக்குக் கூட்டிட்டுப் போயி பாப் வெட்டி விட்டுட்டேன். சடை இருந்தாத்தானே இழுப்பாங்க? பிரச்சினை தீந்துச்சு. இப்பல்லாம் அதைப் பத்திப் பேசுறதே இல்ல.

மேடம், உங்க கை மரத்துப் போகப்போகுது. அப்பப் புடிச்சு இடது கையைக் கட்டிலுக்கு அடியிலயே வச்சிருக்கீங்க. சாஞ்சுக்கிட்டா வசதியா இருக்கா? சரி சரி.

அரைப் பரிச்சை வந்துச்சு. கணக்குல எவ்வளவு எடுத்தா தெரியுமா? முட்டை. என் பிள்ளை. முட்டை. சரியான விடையைத் தேர்ந்தெடுன்னு வர்றதுலகூட ஒண்ணுமே சரியில்ல. கண்ணு பட்டுருச்சுன்னு நான் மொளகா சுத்திப் போட்டேன். நெடியே வரல மேடம், அத்தனை திருஷ்டி. அப்ப பாத்து கிரேஸ்லின் மிஸ் கடைக்கே தேடி வந்துட்டாங்க, பேப்பரைக் கையில வச்சுக்கிட்டு. ‘தெரியாம எழுதுனா நாலுல ஒண்ணாவது குருட்டாம்போக்குல சரியா வந்திருக்கும். இவ ஒண்ணுகூட விடாமத் தப்பாப் போட்டிருக்கா. அப்படின்னா எது சரின்னு அத்தனையும் தெரிஞ்சிருக்கு. ஃபெயிலானா நாலாப்புக்கு, பழைய பிள்ளைங்ககிட்டயே அனுப்பிருவாங்கன்னு நெனைச்சிருக்கா. தயவுசெஞ்சு அவகிட்ட கேளுங்க, உக்காந்து பேசுங்க. மேடையெல்லாம் கொஞ்ச நாள் நிறுத்துங்க’ன்னு அத்தனை வாடிக்கையாளருக்கு முன்னாடி அறிவுரை.

நான் விட்டேனா? உங்க பிள்ளை இப்படி இருந்தா உங்களுக்குத் தெரியும்னு சொல்லி அனுப்பிட்டேன். எங்க வீட்டுக்காரரு அன்னைக்குப் பூராப் பேசல. அவரு எப்பவுமே அப்படித்தான், கோமதிநாயகம்னு பேரு, வாயைத் திறந்தா முத்து உதிர்ந்துரும்.

கேட்டேன் மேடம், கேக்காம என்ன. ‘எதுக்குடி இப்படிப் பண்ணுன’ன்னு நாலு போடு போட்டுத்தான் கேட்டேன். கணக்குப் புக்கை எடுத்து வச்சுக்கிட்டு உக்காந்துட்டா.

ராத்திரியெல்லாம் ஒழுங்காத் தூங்குவாளான்னா, மூளை அதிகமா வேலை செய்யிற பிள்ளைங்களுக்குத் தூக்கம் கம்மிதான். கேள்வியாக் கேட்டுக்கிட்டே இருப்பா. ஒரு கேள்வி கேட்டா பாருங்க, இப்ப நெனைச்சாலும் புல்லரிக்கும். ‘அம்மா, இனி வரப்போற எல்லாத் தேதிக்கும் நான் கிழமை சொல்றேன்ல, அதுல ஒரு தேதியிலதானே நீ செத்துப்போவ? அந்தத் தேதியும் யாராவது கேட்டு, நான் சிரிச்சுக்கிட்டே கிழமை சொல்லியிருப்பேன்லம்மா’ன்னு. எட்டு வயசுப் பிள்ளை கேக்குற கேள்வியா மேடம் இது? நான் அப்பவே வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் போட்டேன். எத்தனை பேரு கும்பிடு போட்டு அனுப்புனாங்க தெரியுமா.

அவளுக்கு என்ன பதில் சொன்னேனா? ‘கெட்ட வார்த்தையெல்லாம் பேசக்கூடாது, தூங்கு’ன்னேன். வேற என்ன சொல்றது?

அதுலேருந்துதான் ஒரு புதுப் பிடிவாதம். பழைய தேதி எது கேட்டாலும் சொல்றா, வரப்போற தேதி கேட்டா வாயை இறுக்கிக்கிறா. சாதனைப் புத்தகக்காரங்க மதுரையிலேருந்து வந்து மேடையில உக்காந்திருக்காங்க. அவங்க கண்டிஷனே நூறு தேதி, அதுல பாதி இனி வரப்போறதா இருக்கணும். இப்பப் போயி அடம் புடிச்சா எப்படி? டெய்லி சாயங்காலம் உக்கார வச்சுப் பழக்குனேன். அழுதுக்கிட்டே சொல்லுவா. ஆனா ஒண்ணும் தப்பா இருக்காது.

கடைசியா என்ன பேசினோமா? இப்ப, இந்த ரூம்லயா? ‘அம்மா பேரைக் காப்பாத்திரு கண்ணு’ன்னேன். ‘பழைய தேதி மட்டும் சொல்லட்டாம்மா’ன்னா. ‘ஊரையே கூப்பிட்டு வச்சிருக்கேன், என் மானத்தை வாங்கிராத’ன்னேன். அவ்வளவுதான் மேடம். அடிக்கல, திட்டல. கண்ணாடியில பாத்து அவளே மை கலையாம கண்ணை ஒத்திக்கிட்டா. அதுக்குள்ள மைக் செட்டுக்காரரு கூப்பிட்டாரு.

இதுக்கு மேல என்ன சொல்லணும்? நான் சொல்லிக்கிட்டே இருக்கேன், நீங்க அசையமாட்டேங்குறீங்க. பிள்ளை ரோட்டுல எங்க நிக்குதோ, எந்த பஸ்ஸுல ஏறுச்சோ. உங்களுக்கும் ஒரு பிள்ளை இருந்தா இப்படி உக்காந்திருப்பீங்களா? கிரேஸ்லின் மிஸ் வீடு பெரிய சர்ச்சுக்குப் பின்னாடிதான், நானே போறேன்.

என்ன மேடம்? ஏன் கையைப் புடிச்சு இழுக்குறீங்க? எங்க பாக்கணும்?

இந்தக் கட்டிலுக்கு அடியிலயா?

இவ்வளவு நேரமுமா?

உங்களுக்குத் தெரியுமா? உள்ள வந்ததுமே பாத்துட்டீங்களா? பாத்துட்டா என்கிட்ட சொல்லாம, வாயைப் புடுங்கிக்கிட்டு... அவ வாயில விரலை வச்சுக் காட்டுனாளா? அவ காட்டுனா நீங்க கேப்பீங்களா? நான் பெத்தவ மேடம். எனக்கு உசிரு போயி உசிரு வந்திருக்கு. தள்ளுங்க. அந்தச் சூட்கேஸை எடுங்க.

ஏய் கலெக்டரு. வெளிய வா. அம்மா ஒண்ணும் செய்யமாட்டேன், வா. பாவாடையெல்லாம் தூசி ஆகியிருக்கும், தட்டிவிட்டுக்கலாம். அங்க மேளச் சத்தம் கேக்குது பாரு, சேர்மன் வந்துட்டாரு. கொஞ்ச நேரம்தான், போனதும் முடிச்சுட்டு வந்துரலாம். சஷ்மி. சஷ்மிம்மா.

என்ன சொல்றா மேடம்? எனக்குக் கேக்கல, மேளம் அடிக்கிறான். உங்ககிட்டதான் சொல்றாளா, சொல்லுங்க.

கிழமை சொல்லாட்டாலும் அம்மா என்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாளான்னு கேக்குறாளா?

இது என்னடி கேள்வி. நீ எப்படிடி சொல்லாம இருப்ப? சாமி உனக்குன்னு குடுத்த வரம்டி இது. மேடையில ஏறி நின்னா தானா வந்துரும், அம்மாவுக்குத் தெரியாதா உன்னை?

ஏன் மேடம் அப்படிப் பாக்குறீங்க? கைக்கு என்ன? விட்டுட்டாளா? இவ்வளவு நேரம் உங்க கையைப் புடிச்சுக்கிட்டுத்தான் கெடந்தாளா? இப்ப விட்டுட்டுச் செவுத்துப் பக்கமா நகந்துட்டாளா?

நான் நல்லதுதானே மேடம் சொன்னேன். அவ கேட்டதுக்குப் பதில் சொல்லலையா? சொன்னேனே. நீ எப்படிச் சொல்லாம இருப்பன்னு...

இல்ல. சொல்லல.

யாரு கதவைத் தட்டுறது? இருங்க. இருங்கன்னு சொல்றேன்ல. மேடம், திறக்காதீங்க. கொஞ்சம் தள்ளிக்குங்க, நான் குனியணும். பட்டுச்சேலை போனா போகுது. அம்மாடி, எவ்வளவு உள்ளடங்கிப் போயிக் கெடக்கா. சஷ்மி, இங்க பாரு. கண்ணைத் திறந்துதான் வச்சிருக்கா மேடம். என்னைத்தான் பாக்குறா. யாரோ தெரியாத பொம்பளையைப் பாக்குற மாதிரி பாக்குறா.

கூட்டிட்டுப் போவேன்டி. கிழமை சொன்னாலும் கூட்டிட்டுப் போவேன், சொல்லாட்டாலும் கூட்டிட்டுப் போவேன். ஒண்ணுமே சொல்லவேண்டாம். கேட்டுச்சா? கேட்டுச்சாடி?

மேடம், நீங்க வெளிய போயி சேர்மன்கிட்ட சொல்லிருங்க. நிகழ்ச்சி இல்ல. பிள்ளைக்கு உடம்பு சரியில்லன்னு சொல்லுங்க. வேண்டாம், அப்படிச் சொல்லாதீங்க, அவ கேட்டுக்கிட்டிருக்கா. பிள்ளை நல்லாத்தான் இருக்கு, அதுக்கு இஷ்டமில்ல, வராதுன்னு சொல்லுங்க. அவ அம்மா சொன்னான்னு சொல்லுங்க. யாரு என்ன பேசுனாலும் பேசட்டும். எனக்கு அசிங்கமாத்தான் இருக்கு, இல்லன்னு சொல்லல. போங்க மேடம், போயிச் சொல்லுங்க.

சஷ்மி, கேட்டியா, சொல்லச் சொல்லியாச்சு. யாரும் எதுவும் கேக்கமாட்டாங்க. வாம்மா, போவோம். அம்மா கையைப் புடி. இந்தா, நீட்டியிருக்கேன் பாரு. எட்டலையா? கொஞ்சம் நீயும் நீட்டு. வருவியா மாட்டியா, அதையாவது சொல்லு.

போகாதீங்க மேடம், ஒரு நிமிஷம் இருங்க. ஏன் மேடம் பேசமாட்டேங்குறா? எதைக் கேட்டாலும் கேட்டு முடிக்கிறதுக்குள்ள பதில் சொல்லிரும் மேடம் என் பிள்ளை.